அத்தைக்குப் பிடித்த சாப்பாட்டுக் கடைகள்

சிங்கப்பூரில், பிடோக்கில் என் வீட்டுச் சமையலறையின் மேல் அலமாரியில் ஓர் எனாமல் டிபன் கேரியர் இருக்கிறது. மூன்று அடுக்கு. வெள்ளை உடம்பு, பச்சை விளிம்பு, கைப்பிடியில் துரு. நடு அடுக்கின் உட்புறத்தில் பாதி உயரம் வரை ஒரு மஞ்சள் கறை படிந்திருக்கிறது. என் மருமகள் சுத்தத்துக்குப் பெயர் போனவள். ஒவ்வொரு தீபாவளிக்கு முன்பும் அதைக் கீழே இறக்கி, சோடா உப்புப் போட்டு ஊறவைத்தால் பளிச்சென்று ஆகிவிடும் என்பாள். ஒவ்வொரு தீபாவளிக்கு முன்பும் நான் அதை அவள் கையிலிருந்து வாங்கி மறுபடி மேலே வைத்துவிடுவேன். பழைய பொருள்மேல் எனக்கு ஏதோ பாசம் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். நினைத்துக்கொள்ளட்டும். அந்தக் கறை என் அத்தை எனக்குக் கொடுத்த ரசீது. அதை நான் யாரையும் தேய்க்க விடமாட்டேன்.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. சிங்கப்பூருக்கு வடக்கே, ரயிலில் ஒரு பகல் தூரத்தில், சிரம்பானில் இருந்தார். மாமாவுக்கு ரயில்வேயில் வேலை, குடும்பத்துக்கே ரயிலில் சலுகை. அதனால் ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாதப் பள்ளி விடுமுறைக்கு அத்தையும் மாமாவும் அவர்களின் ஒரே மகளும் சிங்கப்பூருக்கு வந்துவிடுவார்கள். நாங்கள் ரேஸ் கோர்ஸ் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் கடைவீட்டின் மாடியில் குடியிருந்தோம். அப்பா நகராட்சியில் வேலை பார்த்தார். அத்தை எங்கள் வீட்டில் தங்கியதில்லை. மாமாவின் ரயில்வே நண்பர் ஒருவருக்குத் தஞ்சோங் பகார் பக்கம் குவார்ட்டர்ஸ் இருந்தது, அங்கேதான் தங்குவார்கள். உங்கள் வீடு சின்னது, உங்களுக்கு எதற்குச் சிரமம் என்பார். வீடு சின்னதுதான், அதில் பொய்யில்லை. அத்தையின் பேச்சில் எப்போதும் பாதி உண்மை இருக்கும். மீதியைக் கண்டுபிடிக்க எனக்குப் பல ஆண்டுகள் ஆயின.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவை நான் அவள் என்றுதான் எழுதப்போகிறேன், அத்தையை அவர் என்று. அதை மரியாதை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அம்மா கிட்டத்தில் இருந்தாள், அத்தை தூரத்தில் இருந்தார். அவ்வளவுதான்.

அந்த விடுமுறை நாள்களைப்போல நான் வாழ்க்கையில் வேறு எதையும் எதிர்பார்த்ததில்லை. அத்தை வந்தால் சாப்பாடு. காலையில் மாமாவும் அத்தையும் டாக்சியில் வந்து எங்கள் சந்து முனையில் இறங்குவார்கள். மாடி ஏற மாட்டார்கள். அத்தை கடைவீட்டு முன்நடையான அஞ்சடியில் நின்றபடி மேலே பார்த்து "பாப்பா, கிளம்புங்க" என்று குரல் கொடுப்பார். நானும் அப்பாவும் அம்மாவும் தயாராக இருப்போம். முதலில் சிராங்கூன் சாலையில் தோசை. அந்தக் கடையில் கல்லிலிருந்து எடுத்த தோசையை வாழை இலைத் துண்டில் நேராகப் போடுவார்கள், இலை வெந்து ஒரு வாசம் வரும். தோசை ஓரத்தில் கருகிவிட்டது என்பார் அத்தை, சொல்லிக்கொண்டே இன்னொன்று கேட்பார். சட்னியில் தேங்காய் போதாது, காப்பியில் சிக்கரி அதிகம். அவர் எந்தக் கடையிலும் குறை சொல்லாமல் எழுந்ததில்லை. குறை சொல்வதும் அவருக்கு ஒரு கூட்டுமாதிரி, அது இல்லாமல் சோறு இறங்காது.

மதிய வெயில் ஏறியதும் ஃபேரர் பார்க் திடல் பக்கம் ஐஸ் உருண்டை. சீனர் ஒருவர் மரப்பலகையில் பதித்த கத்திமேல் ஐஸ் கட்டியைத் தேய்த்து, தூளை இரண்டு கையாலும் உருட்டிப் பந்தாக்கி, பாதிக்குச் சிவப்பு, பாதிக்குக் கறுப்புச் சர்க்கரைப் பாகு ஊற்றித் தருவார். முழங்கை வரை ஒழுகும். மாலையானால் வாட்டர்லூ தெருவில் வடையும் பஜ்ஜியும் துண்டு போட்ட ரொஜாக், அதன்மேல் ஊற்றும் இனிப்புக் காரக் குழம்பு, இஞ்சி தட்டிப் போட்ட சரபத் தேநீர். கடற்கரையோரச் சுவரில் உட்கார்ந்து காகிதக் கூம்பில் கச்சான் பூத்தே, அதுதான் வறுத்த கடலை வகைகள், கொறித்தபடி கப்பல்களைப் பார்ப்போம். பிறகு பீச் ரோடு பக்கத்தில் சாத்தே. மலாய்க்காரர் தாழ்வான மேசையைச் சுற்றி எங்களை உட்காரவைத்து, விசிறியால் கரியை விசிறி விசிறி, குச்சியில் கோத்த இறைச்சியைச் சுட்டுக் குவிப்பார். கடலைக் குழம்பில் தோய்த்துத் தின்போம். குச்சிகளை அத்தை தன் பக்கம் ஒரு கட்டாகச் சேர்த்து வைப்பார். அந்தக் கட்டுதான் எப்போதும் பெரியது. அப்பாவுக்கு ஓர் அக்கா இருந்ததே எனக்காகத்தான் என்று நான் நம்பினேன்.

அத்தைக்கு ஒரு பழக்கம் உண்டு. தமிழர் கடைக்குள் நுழைந்தால் நாற்காலியில் உட்காரும் முன் அடுப்படிப் பக்கம் போய் எட்டிப் பார்ப்பார். அடுப்பில் நிற்பவர் நெற்றியில் திருநீறு இருந்தால் முகம் தெளிந்து வந்து உட்காருவார். வேறு விதமாகத் தோன்றினால் தலைவலி வந்துவிடும், எல்லாரும் எழுந்து அடுத்த கடைக்குப் போவோம். மலாய்க்காரர் கடையிலும் சீனர் வண்டியிலும் இந்தச் சோதனை கிடையாது. அங்கே யார் சமைத்தாலும் அவருக்குச் சம்மதம். இது விநோதம் என்றுகூட அப்போது எனக்குத் தோன்றவில்லை. பெரியவர்கள் செய்வது எல்லாமே அப்போது எனக்கு நியாயமாகத்தான் தெரிந்தது.

அவர்கள் ஊருக்குத் திரும்பும் நாளில் அம்மாவின் முறை வரும். விடியலிலேயே எழுந்து புளிக்காய்ச்சல் காய்ச்சி, நல்லெண்ணெய் மிதக்கப் புளிச்சோறு கிளறுவாள். உருளைக்கிழங்கைச் சின்னச் சின்னதாக நறுக்கி மொறுமொறுவென்று வறுப்பாள். முட்டை அவித்து உரித்து, மஞ்சள் மிளகாய்த்தூளில் பிரட்டுவாள். இந்த எனாமல் கேரியரில் மூன்று அடுக்கும் நிரப்பி, துணியில் கட்டி, ஸ்டேஷனுக்கு அப்பாவிடம் கொடுத்தனுப்புவாள். சில ஆண்டு தானே தூக்கிக்கொண்டு வருவாள். "அண்ணி, மத்தியானம் வரைக்கும் கெடாது" என்று ஜன்னல் வழியாகக் கொடுப்பாள். அத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார். பிறகு யாராவது தெரிந்தவர் மூலம் கேரியர் திரும்பி வரும். மேல் அடுக்கு நிறையச் சீனி இருக்கும். ரொம்ப நன்றாக இருந்தது என்று அத்தை சொன்னதாகச் செய்தியும் வரும். அந்தச் சீனியை அம்மா தனி டப்பாவில் கொட்டி வைத்து, விசேஷ நாளில் மட்டும் எடுப்பாள். "அண்ணி குடுத்த சீனி" என்று சொல்லித்தான் அப்பாவுக்குப் பாயசம் ஊற்றுவாள்.

எனக்குப் பதினொரு வயதிருக்கும், அந்த ஆண்டு அத்தை என்னைத் தன்னோடு சிரம்பானுக்கு அழைத்துப்போனார். மீதி விடுமுறையைத் தன் மகளோடு கழிக்கட்டும் என்றார். நான் தரையில் நடக்கவில்லை. அம்மா வழக்கம்போல் கேரியரைக் கொடுத்தாள். எனக்கும் சேர்த்து என்பதால் முட்டை கூடுதல். காலை ரயில். ஜன்னலோர இடம். ரயில் காடும் தோட்டமும் தாண்டி உட்லண்ட்ஸில் கடற்பாலத்தின்மேல் ஏறியபோது நான் மாமாவின் தோளில் சாய்ந்து பாதிக் கண் மூடியிருந்தேன். அத்தை கேரியரை அவிழ்க்கும் சத்தம் கேட்டது. பசி இல்லாவிட்டாலும் அந்தச் சத்தத்துக்கு வாய் ஊறியது. கண்ணைத் திறந்தேன். அத்தை ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி முதல் அடுக்கைக் கவிழ்த்தார். புளிச்சோறு கட்டியாக விழுந்து காற்றில் உதிர்ந்தது. அடுத்து உருளைக்கிழங்கு. அடுத்து முட்டைகள் ஒவ்வொன்றாக உருண்டு போயின. அவர் முகத்தில் கோபமோ வெறுப்போ ஒன்றும் இல்லை. வீடு கூட்டிய குப்பையை வாசலில் கொட்டுகிறவர் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. மாமா செய்தித்தாளை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தார். கீழே வெயிலில் தண்ணீர் மின்னியது.

கெமாஸில் ரயில் நின்றபோது அத்தை, நடைமேடையில் கூடையோடு வந்த ஒரு மலாய்ப் பெண்ணிடம் இலையில் பொதிந்த தேங்காய்ப்பால் சோறு, நாசி லெமாக், வாங்கினார். எனக்கு ஒரு பொட்டலம் கொடுத்தார். கை கழுவப் போகிற சாக்கில் அத்தை மகளைத் தனியே பிடித்து, ஏன் கொட்டினார்கள் என்று கேட்டேன். அவள் என்னைவிட இரண்டு வயது மூத்தவள், நல்லவள். ஒளிக்கத் தெரியாதவள். "எப்பவும் பாலத்துலதான் கொட்டுவாங்க. உங்கம்மா சமைச்சதை நாங்க சாப்பிட மாட்டோம்ல, உனக்குத் தெரியாதா?" என்றாள். எனக்குத் தெரியாது. அப்பா வேறு சாதியில் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டவர் என்பது தெரியும். அதை வீட்டில் வேடிக்கையாகத்தான் பேசுவார்கள். அம்மா எந்தச் சாதி என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. அத்தைக்கு அது வேண்டியிருந்தது. உங்களுக்கு வேண்டாம்.

அன்று அந்த ரயில் பெட்டியில் உட்கார்ந்து ஒவ்வொரு கடையாக நினைத்துப் பார்த்தேன். தோசைக் கடை, ஐஸ் உருண்டை, ரொஜாக், சாத்தே. இத்தனை ஆண்டுகள் அத்தை எங்களை ஊரெல்லாம் அழைத்துப்போய் ஊட்டியது எங்கள்மேல் இருந்த பிரியத்தால் இல்லை. எங்கள் மாடிப்படி ஏறிவிட்டால் அம்மா ஒரு வாய் சாப்பிடச் சொல்வாள், அதைத் தவிர்க்கத்தான் அவ்வளவு ஊர்வலம். மலாய்க்காரர் சுட்ட இறைச்சி ஆகும், சீனர் உள்ளங்கையில் உருட்டிய ஐஸ் ஆகும், முன்பின் தெரியாத மலாய்ப் பெண் பொதிந்த சோறு ஆகும். தம்பி பெண்டாட்டி கை பட்டது மட்டும் ஆகாது. நான் தின்ற ஒவ்வொரு சாத்தேக் குச்சியிலும் என் அம்மாவுக்கு ஓர் அவமானம் கோத்திருந்தது. அதை நான் ருசித்து ருசித்துத் தின்றிருக்கிறேன்.

சிரம்பானில் அத்தை என்னை ராணிமாதிரி வைத்துக்கொண்டார். திரும்பும் முந்தைய நாள் அவர் கேரியரைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, வெயிலில் கவிழ்த்து, பிறகு சீனி நிரப்பினார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். "வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் குடுக்கக் கூடாது பாப்பா, அது மரியாதையில்ல" என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தார். நான் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா மூடியைத் திறந்து, விரல் நுனியில் சீனியைத் தொட்டு நாக்கில் வைத்துச் சிரித்தாள். புளிச்சோறு எப்படி இருந்தது என்று என்னைக் கேட்டாள். நன்றாக இருந்தது, எல்லாரும் சாப்பிட்டோம் என்றேன். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு எதைச் சொல்ல முடியும். அன்றைக்கே மனத்தில் ஒன்று முடிவாகிவிட்டது. என்றைக்காவது ஒருநாள் இந்த அத்தை என் அம்மா சமைத்ததைச் சாப்பிட வேண்டும், கேட்டு வாங்கிச் சாப்பிட வேண்டும், சாப்பிட்டது அவருக்குத் தெரியவும் வேண்டும். வேறு குழந்தைகள் டாக்டராக வேண்டும், விமானம் ஓட்ட வேண்டும் என்று நினைத்த வயதில் எனக்கு இதுதான் லட்சியம்.

அறுபதுகளின் தொடக்கத்தில் அப்பா திடீரென்று போய்விட்டார். சாவு வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்று அத்தை வந்த அன்றே சொல்லிவிட்டார். எடுக்கும் வரைக்கும்தான் அந்த வழக்கம். அத்தை அதைக் கருமாதி வரைக்கும் இழுத்தார். மூன்று வேளையும் சிராங்கூன் சாலைக் கடையிலிருந்து வந்தது. கருமாதி அன்று அப்பாவுக்குப் படையல் போட வேண்டும். அப்பாவுக்குப் பிடித்ததையெல்லாம் தன் கையால் சமைக்க வேண்டும் என்று அம்மா முந்தைய நாளே காய் வாங்கி வைத்திருந்தாள். அத்தை அதையும் விடவில்லை. சொந்தக்காரர்கள் நிறைய வருவார்கள், எல்லாரும் சாப்பிட வேண்டுமே என்றார். குரல் உயரவில்லை. அம்மா காய்க் கூடையை அடுப்படி மூலையில் தள்ளி வைத்தாள். என் அப்பாவின் படத்துக்கு முன்னால் கடைச் சோறு படைத்தார்கள். அவரோடு அத்தனை ஆண்டு வாழ்ந்தவள் கைச் சோறு அவருக்கே ஆகாமல் போயிற்று. மற்றதையெல்லாம் காலப்போக்கில் மன்னித்திருப்பேனோ என்னவோ. அதை மன்னிக்கவில்லை. இப்போதும் இல்லை. எல்லாரும் போன பிறகு அம்மா கொஞ்சம் சோறு வடித்து, அப்பாவுக்குப் பிடித்த மீன் குழம்பை வைத்து, படத்துக்கு முன்னால் தனியாக ஓர் இலை போட்டாள். எங்கள் இரண்டு பேரைத் தவிர அதைப் பார்த்தவர் இல்லை.

அந்த மீன் குழம்புதான் பிறகு எங்களைக் காப்பாற்றியது. பஃபலோ ரோடு பக்கம் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த ஒருவர் அப்பாவின் சிநேகிதர். அவர் கடைச் சமையல்காரர் ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. சோறு, பொரியல், ரசமெல்லாம் கடையிலேயே ஒரு வயசாளி பார்த்துக்கொண்டார். நெற்றி நிறையத் திருநீறு பூசிய மனிதர். மீன் குழம்பு மட்டும் அவருக்குக் கைவரவில்லை. அம்மா வீட்டிலேயே வைத்துத் தர முடியுமா என்று முதலாளி கேட்டார். அம்மா தேக்கா சந்தையில் விடியலில் மீன் பொறுக்கி, முந்தைய நாளே புளி ஊறவைத்து, மசாலாவை அம்மியில் தானே அரைத்து, பெரிய சட்டியில் குழம்பு வைப்பாள். மதியத்துக்கு முன் கடை ஆள் வந்து பின்சந்து வழியாகத் தூக்கிக்கொண்டு போவார். சீக்கிரத்திலேயே அந்தக் கடைக்கு மீன் குழம்புக் கடை என்றே பெயர் ஆகிவிட்டது. துறைமுக அலுவலகத்துக் குமாஸ்தாக்களான கிராணிகளும் வக்கீல்களும் வரிசையில் நின்றார்கள். நானும் படித்து முடித்து ஆசிரியையாகிவிட்டேன். இருந்தும் அம்மா குழம்புச் சட்டியை விடவில்லை.

சிங்கப்பூர் பிரிந்து நாடு இரண்டாகி, கடற்பாலத்தில் கடவுச்சீட்டுக் கேட்கத் தொடங்கிய பிறகு அத்தை சில ஆண்டுகள் வரவில்லை. பிறகு ஓர் ஆகஸ்டில் மாமாவோடு வந்தார். மாமா ஓய்வு பெற்றிருந்தார், அத்தைக்கு முழங்கால் வலி. தங்கியது அதே குவார்ட்டர்ஸ் பக்கம். ஒரு மாலை எங்கள் வீட்டுக்கும் வந்து, நாற்காலியில் நுனியில் உட்கார்ந்து, இப்போதுதான் காப்பி குடித்தோம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். படி இறங்கும்போது என்னிடம், நல்ல கடையெல்லாம் இன்னும் இருக்கிறதா, எங்கே சாப்பிடலாம் என்று விசாரித்தார்.  நான் கூட்டிப் போகிறேன் அத்தை, எனக்கு ஓர் இடம் தெரியும் என்றேன். வழிநெடுக என் முகம் எப்படி இருந்ததோ, நல்லவேளை இருட்டத் தொடங்கியிருந்தது.

மறுநாள் மதியம் மீன் குழம்புக் கடைக்குக் கூட்டிப் போனேன், முதலாளியிடம் முன்பே சொல்லி வைத்திருந்தேன். அத்தை உள்ளே நுழைந்ததும் அடுப்படிக்குப் போனார். திருநீறு பூசிய வயசாளி வாணலியில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தார். அத்தை திருப்தியோடு வந்து இலைக்கு முன் உட்கார்ந்தார். இத்தனை ஆண்டில் அவர் கண் மாறவே இல்லை, நெற்றியைத் தாண்டி எதையும் பார்க்கத் தெரியவில்லை. சோறு குழைந்துவிட்டது என்றார். அப்பளம் நமுத்துவிட்டது என்றார். குழம்பு வந்தது. முதல் கவளத்துக்குப் பிறகு பேச்சு நின்றது. சோற்றைக் குழி பண்ணி மறுபடி ஊற்றச் சொன்னார். மீன் தலையைக் கேட்டு வாங்கினார். வெந்தயம் ஒரு பொட்டுக் கூடிவிட்டது என்று சொல்லிக்கொண்டே இலையை வழித்தார். வெளியே வந்து வெற்றிலை போட்டபடி, "அந்தக் கிழவனுக்குக் கை இருக்கு பாப்பா" என்றார். ஆமாம் அத்தை, நல்ல கை என்றேன். ஒன்றும் சாப்பிடாமலே எனக்கு வயிறு நிறைந்திருந்தது. கடற்பாலத்தடியில் அம்மாவின் சோற்றைத் தின்று கொழுத்த மீன்களில் ஒன்று இப்போது அவர் வயிற்றுக்குள் போயிருக்கும் என்று நினைத்து உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

அடுத்த நாளும் அங்கேதான். அதற்கடுத்த நாளும். வேறு கடைக்குப் போகலாமா என்று நானே வேண்டுமென்றே கேட்டேன், வேண்டாம் என்றார். சாத்தே வேண்டாம், ரொஜாக் வேண்டாம். கடைசி நாள் அவரே வாய் திறந்து, மறுநாள் ரயிலுக்கு அந்தக் குழம்பைக் கொஞ்சம் கட்டித் தரச் சொல்ல முடியுமா என்று என்னைக் கேட்டார். இதற்குமேல் தெய்வத்திடம் நான் எதைக் கேட்பது.

மறுநாள் விடியலில் இந்த எனாமல் கேரியரை அலமாரியிலிருந்து எடுத்துத் துடைத்து அம்மா முன்னால் வைத்தேன். அப்பா போன பிறகு அது வெளியே போனதே இல்லை. யாருக்கு என்று கேட்டாள். அத்தைக்கு, அவர்களே கேட்டார்கள் என்றேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். இந்த மூன்று நாளைச் சொன்னேன். பிறகு, அவளுக்கு வலிக்குமே என்று அத்தனை ஆண்டு விழுங்கி வைத்திருந்த கடற்பாலத்தையும் சொன்னேன். அம்மா அழுவாள் என்று நினைத்தேன். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு, "பாலத்துல கொட்டினது தெரியாது. ஆனா சாப்பிடலன்னு தெரியும்" என்றாள். எப்படி என்று கேட்டேன். "உங்கத்தை எதைச் சாப்பிட்டாலும் ஒரு குறை சொல்லுவாங்க. எத்தனை வருஷம் புளிச்சோறு குடுத்திருக்கேன். ஒரு தடவைகூட உப்பு குறைச்சல், காரம் கூடுதல்னு சொன்னதில்லையே. ரொம்ப நல்லா இருந்துச்சு, ரொம்ப நல்லா இருந்துச்சு. சாப்பிட்டவங்க சொல்ற பேச்சா அது."

 பிறகு குரலைத் தணித்துக் கேட்டாள். "மறுபடி கேட்டு வாங்கினாங்களா?" தினமும், தலையையும் கேட்டு வாங்கினார்கள், வெந்தயம் கூடுதல் என்று சொன்னார்கள் என்றேன். அம்மா தலையை ஆட்டினாள். முதல் நாள் வெந்தயம் கை தவறிக் கொஞ்சம் விழுந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டாள். அதன் பிறகு அவள் அவசரப்படவில்லை. சிரம்பான் போய்ச் சேரும்வரை தாங்க வேண்டுமே என்று குழம்பை மறுபடி அடுப்பில் ஏற்றி, எண்ணெய் பிரிந்து கெட்டியாகும் வரை சுண்டவைத்தாள். மேல் அடுக்கில் சோறு, நடு அடுக்கில் குழம்பு, கீழே இரண்டு பொரித்த துண்டு மீன். துணியில் கட்டி முடிச்சை இறுக்கினாள். ஸ்டேஷனுக்கு நீயும் வருகிறாயா என்று கேட்டேன். அவள் வரவில்லை. மதியக் குழம்புக்கு நேரமாகிவிட்டது என்றாள்.

தஞ்சோங் பகாரில் ரயில் நின்றிருந்தது. மாமா ஜன்னலோரத்தில் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தார், அவர் மாறவே இல்லை. நான் நடைமேடையிலிருந்து கேரியரை நீட்டினேன். அத்தை வாங்கி மடியில் வைத்து, துணி விலகிய இடத்தில் பச்சை விளிம்பைப் பார்த்தார். விரலால் தடவினார். "இது உங்கம்மா கேரியராச்சே" என்றார்.

"குழம்பும் அம்மா வச்சதுதான் அத்தை. மூணு நாளா நீங்க கடையில சாப்பிட்டதும் அவங்க வச்சதுதான். கிழவன் அப்பளம்தான் பொரிப்பாரு" என்றேன். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் குரலில், நிதானமாகச் சொன்னேன். எத்தனையோ ஆண்டு கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்த வார்த்தைகள். "பாலம் வர இன்னும் நேரம் இருக்கு. கொட்டணும்னா கொட்டிக்கலாம்."

மாமாவின் செய்தித்தாள் கீழே இறங்கியது. அவர் முகத்தை ரயில் பயணத்தில் நான் முழுசாகப் பார்த்தது அன்றுதான்.   அத்தை என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், கேரியரை என் மேலேயே எறிவார் என்றுகூட நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்கு இன்னும் இனித்திருக்கும், பதில்கள் தயாராக வைத்திருந்தேன். விசில் ஊதினார்கள். ரயில் நகர்ந்தபோது அவர் கேரியரை இரண்டு கையாலும் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நடைமேடை முடியும்வரை பக்கத்திலேயே நடந்துபோனேன். வெளியே வந்து, வெயிலில் நின்று, சாலையோரத்தில் ஓர் ஐஸ் உருண்டை வாங்கி முழங்கை ஒழுகத் தின்றேன். அதைவிட ருசியான ஒன்றை நான் இந்த ஊரில் தின்றதில்லை.

சில மாதம் கழித்து அத்தை மகள் தீபாவளிச் சாமான் வாங்கச் சிங்கப்பூர் வந்தாள். நேராக எங்கள் மாடி ஏறி வந்தாள். பையிலிருந்து கேரியரை எடுத்து அம்மாவிடம் கொடுத்தாள். அம்மா மூடியைத் திறந்தாள். வெறும் பாத்திரம். ஒரு துளி சீனி இல்லை. நடு அடுக்கில் மட்டும் மஞ்சள் கறை, தேய்த்தும் போகாத கறை. பாலத்தில் கவிழ்த்த காலங்களில் அது எப்போதும் புதுசுபோலத்தான் திரும்பி வரும். இந்தமுறை குழம்பு நாள் முழுக்க அதில் இருந்திருக்கிறது. எனக்குச் சுரீர் என்றது. எனக்கு மரியாதை சொல்லிக் கொடுத்தவர், மரியாதை இல்லாமல் அனுப்பியிருக்கிறார். என்ன சொன்னார்கள் என்று அத்தை மகளை அதட்டிக் கேட்டேன். அவளுக்கு இப்போதும் ஒளிக்கத் தெரியவில்லை.

"உப்பு கொஞ்சம் கூடுதல்னு சொல்லச் சொன்னாங்க."

அம்மா கேரியரை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தாள். சத்தமாக, தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அப்பா போன பிறகு அப்படி அவள் சிரித்து நான் கேட்டதில்லை. "சரியாத்தான் சொல்லியிருக்காங்க. சுண்ட வச்சதுல உப்பு ஏறியிருக்கும்" என்றாள். பிறகு எழுந்து அத்தை மகளுக்குத் தட்டு வைத்தாள். அவள் உட்கார்ந்து, என் அம்மா பரிமாறிய சோற்றை முதல்முறையாகச் சாப்பிட்டாள்.

அம்மாவுக்கு அது போதுமானதாக இருந்தது. எனக்குப் போதவில்லை, அதை மறைக்க மாட்டேன். அப்பாவின் படையலுக்கு அந்த ஓர் உப்புப் பேச்சு ஈடாகுமா? அத்தை இறந்தபோது சிரம்பானுக்குப் போனேன். போகாமலிருந்தால் அம்மா வருத்தப்படுவாள். பந்தி போட்டார்கள், என்னையும் உட்காரச் சொன்னார்கள். இப்போதுதான் சாப்பிட்டேன் என்று சொல்லி, பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் எழுந்து வந்தேன். அந்த வாக்கியத்தை நான் யாரிடம் கற்றேன் என்று அங்கே இருந்தவர்களில் மாமாவுக்கு மட்டும் புரிந்தது.

அந்தக் கடைகளில் பல இப்போது இல்லை. சாத்தேக்காரர்கள் இடம் மாறிப் போனார்கள், ரயிலும் தஞ்சோங் பகாருக்கு வருவதில்லை. போன வாரம் மருமகள் மறுபடி கேரியரை இறக்கி வைத்திருந்தாள். நான் நடு அடுக்கை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கறை அப்படியே இருந்தது. கெமாஸ் தாண்டி, எங்கோ ஒரு ரப்பர்த் தோட்டத்துக்கு நடுவில், அத்தை இந்த மூடியைத் திறந்து, வாசம் பிடித்து, யாரும் பார்க்கவில்லையா என்று பார்த்துவிட்டுக் கையை உள்ளே விட்டிருக்கிறார். செய்தித்தாளுக்குப் பின்னால் மாமா இருந்திருப்பார். அந்த ஒரு காட்சியை நான் நேரில் பார்க்கவில்லை. ஆனால் வாழ்நாள் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். கேரியரைத் துடைத்து, அடுக்குகளைக் கோத்து, மேலே வைத்தேன்.